சுங்கை சிப்புட்டிலிருந்து இந்தியா போகிறவர்களுக்கு: ரோமிங் பாஸா, பயண ஈசிம்மா, அங்கே வாங்கும் சிம்மா?

கார்த்திகை பிறந்து சாமிமார் மாலை போட்டுவிட்டால் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் கைப்பேசிக் கடைகளில் ஒரே கேள்விதான்: "அண்ணே, இந்தியா போறோம், லைனுக்கு என்ன பண்ணலாம்?" சாமிமார் மட்டுமல்ல, கல்யாணத்துக்குத் துணி எடுக்கச் சென்னை போகிறவர்களும் குலதெய்வம் கும்பிடத் திருச்சிப் பக்கம் போகிறவர்களும் கேட்பது இதையேதான். கடைக்காரர் தன்னிடம் இருப்பதைக் கையில் கொடுப்பார். அது ரோமிங் பாஸாக (நம் சிம்மையே வெளிநாட்டில் ஓட்ட வாங்கும் திட்டம்) இருக்கலாம், பயண ஈசிம்மாக (போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) இருக்கலாம், "அங்க போய் ஒரு சிம் வாங்கிக்குங்க" என்ற யோசனையாகவும் இருக்கலாம். மூன்றும் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு ஆளுக்கு, வேறு பயணத்துக்கு ஏற்றது. பாக்கெட் வைஃபை என்று நான்காவது ஒன்றும் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு வாரத்துக்குள் திரும்பும் இந்தியப் பயணம், ஈசிம் ஏற்கும் திறன்பேசி என்றால் பயண ஈசிம்மை எடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் தங்குகிறீர்கள், அல்லது ஈசிம் ஏற்காத போன் என்றால் இந்திய சிம். ஹாட்யாய் போல இரண்டு மூன்று நாள் என்றால் ரோமிங் பாஸோ தாய்லாந்து சிம்மோ போதும். எதை எடுத்தாலும் முதலில் வீட்டு லைனை, அதாவது போனில் இருக்கும் நம் மலேசிய லைனை, பூட்ட வேண்டும். பில் வீங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

வீட்டு லைனைப் பூட்டுவது

இன்றைய போன்களில் பெரும்பாலும் இரண்டு லைன் இருக்கும். புதிய சிம்மைப் போட்டுவிட்டோம், இனி அதில்தான் டேட்டா ஓடும் என்று நினைப்பது தவறு. போன் எந்த லைனில் டேட்டா எடுக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவுக்குப் புதிய லைனைத் தேர்ந்தெடுத்து, மலேசிய லைனுக்குள் போய் 'டேட்டா ரோமிங்' பொத்தானை அணைக்க வேண்டும்.

ஐபோனில் இதற்குப் பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. மொபைல் டேட்டா பக்கத்தில் 'அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்' என்று ஒரு வரி வரும். அது பச்சையாக இருந்தால், பேசிக்கொண்டிருக்கும்போது டேட்டாவைப் போன் தானாகவே மற்ற லைனுக்கு மாற்றிக்கொள்ளும். வீட்டு லைனின் ரோமிங்கும் திறந்திருந்தால் அந்த நிமிடம் முதல் மீட்டர் ஓடும். இதை அணைக்காமல் விமானம் ஏறக்கூடாது. அதே பக்கத்தின் அடியில் 'வைஃபை அசிஸ்ட்' இருக்கும். ஹோட்டல் வைஃபை சொதப்பும்போது சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவுவது இதன் வேலை. லைன் ரோமிங்கில் இருக்கும்போது இது தாவாது, உள்ளூர் சிம் போட்டிருந்தால் தாவும். வாங்கும்போதே திறந்துதான் வரும், அதையும் அணையுங்கள். சாம்சங்கில் வைஃபை செட்டிங்ஸுக்குள் 'ஸ்விட்ச் டு மொபைல் டேட்டா' என்ற பெயரில் இதே வேலையைச் செய்யும் பொத்தான் உண்டு.

அடுத்தது அழைப்பு. வெளிநாட்டில் வரும் அழைப்பை எடுத்தால் காசு போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். எடுக்காமல் விட்டாலும் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. நீங்கள் எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பும்படி லைன் அமைந்திருந்தால், அந்த அழைப்பு மலேசியாவிலிருந்து இந்தியா வந்து, மறுபடி இந்தியாவிலிருந்து மலேசிய வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. வந்ததற்கு ஒரு கட்டணம், போனதற்கு ஒரு கட்டணம். கிளம்புவதற்கு முன், வீட்டிலிருக்கும்போதே ##002# என்று அழுத்தி அழைப்பு பொத்தானைத் தட்டினால் எல்லா அழைப்புத் திருப்பலும் ரத்தாகிவிடும்.

அப்படியானால் மலேசிய சிம்மைக் கழற்றி வைத்துவிடலாமே என்று கேட்கலாம். கழற்ற வேண்டாம். ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்கு நம் நிறுவனங்கள் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. வங்கியின் டேக் எண்ணோ வேறு சரிபார்ப்புச் செய்தியோ வந்தால் அந்த லைன் வேண்டும். ஆனால் 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்ன பிறகு வங்கிகள் குறுஞ்செய்தி டேக்கை விட்டு, செயலிக்குள் ஒப்புதல் கொடுக்கும் முறைக்கு மாறிவிட்டன. அந்த ஒப்புதலுக்கு வேண்டியது இணையம். எந்த லைனின் டேட்டாவிலும் அது நடக்கும். புதிய போனில் வங்கிச் செயலியை அமைக்கும் வேலை இருந்தால் அதை ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ப்ரீபெய்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வகையில் நிம்மதி, லைனில் இருக்கும் மீதித் தொகைக்கு மேல் நட்டம் வராது. ஆனால் சிம்மின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் ஊரில் தங்கிவிட்டு வந்து பார்க்கையில் எண்ணே செத்துப்போயிருந்தால், அதோடு வங்கிப் பதிவும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து போகும். கிளம்பும் வாரம் ஒரு சின்ன டாப் அப் போட்டால் தேதி நீளும்.

ரோமிங் பாஸ்: வசதிக்கு ஐந்துக்கு ஐந்து, விலைக்கு ஐந்துக்கு இரண்டு

ரோமிங் பாஸின் பெரிய நன்மை, எதையும் மாற்ற வேண்டாம். மேக்சிஸ், செல்காம்டிஜி, யூ மொபைல் என்று எந்த நிறுவனமானாலும் அதன் செயலியைத் திறந்து, நாட்டைத் தேர்ந்தெடுத்து, பாஸை வாங்கி, அங்கே இறங்கியதும் டேட்டா ரோமிங்கைத் திறந்தால் முடிந்தது. (மேலே பூட்டச் சொன்ன பொத்தானை இந்த ஒரு வழியில் மட்டும் திறந்தே வைக்க வேண்டும்.) சிம் மாற்றத் தெரியாத பெரியவர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

விலைதான் இடிக்கிறது. நாள் கணக்கில் விற்கும் பாஸை 14 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். நாளுக்கு 38 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் 532 வெள்ளி. நால்வர் குடும்பத்துக்கு 2,128 வெள்ளி. விமான டிக்கெட் ஒன்றே வாங்கிவிடலாம். வார பாஸ், மாத பாஸ் என்று மொத்தமாக விற்பவை இதைவிடக் குறைவு. ஒரு வாரத்துக்கு மேல் போகிறவர் நாள் பாஸைத் தொடவே கூடாது.

வாங்குமுன் மூன்றை வாசித்துப் பாருங்கள். ஒன்று, 'ஒரு நாள்' என்பது எது? சில பாஸுக்கு முதல் இணைப்பிலிருந்து 24 மணி நேரம். சிலவற்றுக்கு மலேசிய நேரப்படி நள்ளிரவோடு நாள் முடிகிறது. இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆகவே நம் நள்ளிரவு அங்கே இரவு 9.30. அப்போதே அன்றைய பாஸ் முடிந்துவிடும். இரவு 10.30-க்குத் திருச்சியில் இறங்குகிறவருக்கு மலேசியாவில் அப்போது மணி விடியற்காலை ஒன்று. அவர் விமான நிலையத்தில் காத்திருக்கும்போதே பாஸைத் தொடங்கியிருந்தால் முதல் நாளை வானத்திலேயே தொலைத்துவிட்டார். தாய்லாந்தில் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான்.

இரண்டாவது, 'வரம்பில்லாதது' என்ற சொல். வேகமான டேட்டா இத்தனை எம்பி, அதற்குப் பிறகு வேகம் குறையும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். 128 கேபிபிஎஸ் என்று போட்டிருந்தால் வினாடிக்கு 16 கிலோபைட் என்று பொருள். 3 எம்பி படம் ஒன்று போய்ச் சேர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுத்துச் செய்தி போகும், காணொளி அழைப்பை மறந்துவிடுங்கள்.

மூன்றாவதைத்தான் கடைக்காரர்களும் சொல்ல மறக்கிறார்கள். பாஸ் எந்த இந்திய நிறுவனத்தின் அலைவரிசையில் செல்லும் என்று பார்க்க வேண்டும். சில பாஸ்கள் குறிப்பிட்ட ஒரு கூட்டாளி நிறுவனத்தோடு மட்டுமே ஒப்பந்தம் வைத்திருக்கும். போன் தானியங்கித் தேர்வில் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டால், ஒன்று டேட்டா வராது, அல்லது பாஸுக்கு வெளியே பயன்படுத்தியதாகக் கணக்காகும். இறங்கியதும் நெட்வொர்க் தேர்வில் 'ஆட்டோமேட்டிக்'கை அணைத்து, பாஸில் எழுதியிருக்கும் பெயரைக் கையால் தேர்ந்தெடுப்பது நல்லது.

கப்பல் பயணம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நடுக்கடலில் கப்பலின் சொந்த அலைவரிசை, செயற்கைக்கோள் வழியாக வருவது, நாட்டுப் பாஸுக்குள் அடங்காது. விமானத்துக்குள் கிடைக்கும் அலைவரிசையும் அப்படியே. ஏறியதும் பிளைட் மோட், இறங்கும்வரை எடுக்க வேண்டாம்.

பயண ஈசிம்: காசுக்கு ஏற்றது, ஆனால் ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை

ஈசிம் என்பது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். கியூஆர் குறியை வருடினால் அதில் ஒரு புதிய லைன் ஏறிக்கொள்ளும். பழைய சிம்மைக் கழற்ற வேண்டாம், ஊசி தேட வேண்டாம்.

உங்கள் போனில் இருக்கிறதா என்று பார்க்க *#06# அழுத்துங்கள். திரையில் ஐஎம்இஐ எண்களோடு 'இஐடி' என்ற நீண்ட எண்ணும் வந்தால் இருக்கிறது. வராவிட்டால் இல்லை. ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் உண்டு. சாம்சங்கில் எஸ்20 முதல், ஏ வரிசையில் ஏ54, ஏ55, ஏ35 போன்றவற்றில் உண்டு. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இல்லை. சீனாவிலிருந்து இறக்கி விற்கும் பழைய ஐபோன்களில் இரண்டு நேனோ சிம் போடும் தட்டு இருக்கும், ஈசிம் இருக்காது. இரண்டாங்கை போன் வைத்திருப்பவர்கள் மாடல் பெயரை நம்பாமல் *#06#-ஐ நம்புங்கள்.

இந்தியாவுக்கென்று சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று. 2024 ஜனவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, அனுமதி இல்லாமல் விற்கிறார்கள் என்ற காரணத்தால் ஏராலோ, ஹோலாஃப்ளை இரண்டின் செயலிகளையும் அங்குள்ள ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கச் சொன்னது. இணையதளங்களையும் முடக்கச் சொன்னது. அங்கே போய் இறங்கிய பிறகு வாங்கலாம், தீர்ந்தால் கூட்டிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகக்கூடாது. எந்த நிறுவனத்தின் ஈசிம்மானாலும் வாங்குவதும் போனில் ஏற்றுவதும் வீட்டு வைஃபையில் முடிந்திருக்க வேண்டும். அளவையும் சற்றுத் தாராளமாகவே எடுக்க வேண்டும்.

ஏற்றும்போது நான்கு இடத்தில் தவறு நடக்கிறது.

முதல் தவறு, அதிகம் நடப்பதும் இதுதான்: ஈசிம் லைனில் டேட்டா ரோமிங் மூடியிருப்பது. பயண ஈசிம் எந்த நாட்டு நிறுவனம் வெளியிட்டதானாலும் இந்தியாவில் அது விருந்தாளிதான். ஏர்டெல்லோ வேறொன்றோ இடம் கொடுக்க வேண்டும். ஆகவே ஈசிம் லைனில் டேட்டா ரோமிங் திறந்தும், வீட்டு லைனில் மூடியும் இருக்க வேண்டும். "ரோமிங்கை ஆஃப் பண்ணிடுங்க" என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டையும் மூடிவிட்டு, ஈசிம் வேலை செய்யவில்லை என்று திட்டுகிறவர்கள் ஏராளம்.

இரண்டாவது, ஏபிஎன், அதாவது லைன் இணையத்துக்குப் போகும் வாசலின் பெயர். அலைவரிசைக் கோடுகள் முழுதாக நிற்கும், இணையம் மட்டும் வராது. வாங்கியபோது வந்த மின்னஞ்சலில் ஏபிஎன் பெயர் ஒன்று இருக்கும். அதை ஈசிம் லைனின் ஏபிஎன் கட்டத்தில் எழுத்து மாறாமல் தட்டி, போனை ஒருமுறை அணைத்துத் திறக்க வேண்டும். அந்த மின்னஞ்சலைக் கிளம்பும் முன்பே ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து வையுங்கள். இணையம் இல்லாத இடத்தில் மின்னஞ்சலைத் திறக்க இணையம் தேடி அலைய வேண்டாமே.

மூன்றாவது, அழித்துவிடுவது. கியூஆர் குறி பெரும்பாலும் ஒரு முறைக்கு மட்டும். வேலை செய்யவில்லை என்று ஈசிம்மை நீக்கிவிட்டு மறுபடி வருட முயன்றால் ஏற்காது. பிரச்சினை எதுவானாலும் லைனை அணைத்து மறுபடி திறந்து பாருங்கள், நீக்காதீர்கள்.

நான்காவது, காலக்கெடு. சில திட்டங்களில் அங்கே முதல் அலைவரிசையைப் பிடித்த நேரத்திலிருந்து நாள் ஓடும். சிலவற்றில் போனில் ஏற்றிய நிமிடமே ஓடும். இரண்டாவது வகையை வாரத்துக்கு முன்பே ஏற்றினால் அத்தனை நாளும் வீண். வாங்கும் பக்கத்தில் எப்போது தொடங்கும் என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. இதில் தொலைபேசி எண் கிடையாது, டேட்டா மட்டும். ஓலா ஓட்டுநர், கோயில் விடுதி, ரயில் நிலைய வைஃபை என்று இந்திய எண் கேட்கும் இடங்களில் கையை விரிக்க வேண்டியதுதான். ரயில் நிலையங்களின் ரெயில்வயர் இலவச வைஃபை இந்திய எண்ணுக்கு ஓடிபி அனுப்பித்தான் திறக்கும். இணையப் போக்குவரத்து வேறொரு நாடு வழியாகச் சுற்றி வருவதால் வேகமும் உள்ளூர் சிம் அளவுக்கு இருக்காது. பக்கம் திறக்க ஒரு கணம் யோசிக்கும். சில திட்டங்களில் ஹாட்ஸ்பாட் பகிர்வு தடுக்கப்பட்டிருக்கும். ஒரு ஈசிம் எடுத்து நால்வர் பகிர நினைப்பவர்கள் அதையும் பார்த்து வாங்குங்கள். இவ்வளவுக்கும் பிறகும் இரண்டு வாரப் பயணத்துக்கு இதைத்தான் சொல்வேன். கடை தேட வேண்டாம், படிவம் நிரப்ப வேண்டாம், இறங்கிய ஐந்தாவது நிமிடம் வீட்டுக்குச் செய்தி போய்விடும்.

இந்திய சிம்: மலிவுதான், ஆனால் பொறுமை வேண்டும்

விலையில் இதை யாரும் அடிக்க முடியாது. 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு தினம் 1.5 ஜிபி, 28 நாள் திட்டம் ஜியோவில் 299 ரூபாய்க்கும் ஏர்டெல்லில் 349 ரூபாய்க்கும் வந்தது. நம் காசுக்கு இருபது வெள்ளிக்குள். உள்நாட்டு அழைப்பும் அதிலேயே அடக்கம். அண்ணன் தம்பி வீடு, மாமா வீடு என்று நாள் முழுக்கப் பேச வேண்டியவர்களுக்கு இது பெரிய வசதி. தினக் கணக்கு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக விழும். ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடம். நள்ளிரவில் மறுபடி நிரம்பும்.

இழுபறி எல்லாம் வாங்குவதில்தான். ஆதார் கைரேகை வைத்து உள்ளூர்க்காரர் சில நிமிடத்தில் எடுப்பது நமக்குக் கிடையாது. கடப்பிதழ், விசா, புகைப்படம், தங்கும் முகவரி, உள்ளூரில் ஒருவரின் தொடர்பு எண் எல்லாம் கேட்பார்கள். மின்விசாவை அச்சடித்து இரண்டு நகல் கையில் வையுங்கள். தெருமுனைப் பெட்டிக்கடையை விட நிறுவனத்தின் சொந்தக் கடையில் வாங்குவது நல்லது, வெளிநாட்டவர் பதிவை எப்படிச் செய்வது என்று அங்கேதான் தெரியும். வாங்கிய உடனே லைன் வராது. சில மணி நேரம், சமயத்தில் மறுநாள்வரை ஆகும். விசா முடிந்தால் சிம்மும் முடியும். நான்கு நாள் பயணத்தில் ஒரு நாளை இதற்குக் கொடுப்பது முட்டாள்தனம். ஒரு மாதம் தங்குகிறவர் கொடுக்கலாம்.

"ஏற்கெனவே ஆக்டிவேட் பண்ணியது" என்று யார் பெயரிலோ இருக்கும் சிம்மை நீட்டுகிற கடைகள் உண்டு. வாங்காதீர்கள். இந்தியாவின் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவதற்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று இருக்கிறது.

ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது, 4ஜி முதல்தான். வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) இல்லாத பழைய போனில் ஜியோ சிம்மைப் போட்டால் நேரடியாகப் பேச முடியாது. அப்படிப்பட்ட போனுக்கு ஏர்டெல் பாதுகாப்பானது. வடக்கே காஷ்மீர் யாத்திரை திட்டம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்ற மாநிலத்தில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. தமிழ்நாட்டில் வாங்கியது அங்கே வெறும் பிளாஸ்டிக்.

சிம்மைப் போட்டதும் வாட்ஸ்அப் "எண்ணை மாற்றவா" என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். மலேசிய எண்ணிலேயே வாட்ஸ்அப் தொடர்ந்து ஓடும், அதற்கு அந்த சிம் போனில் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே சிம் தட்டு உள்ள போனில் மலேசிய சிம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நக அளவு சாமான், சட்டைப்பையில் போட்டால் தொலையும். கடப்பிதழின் பின் அட்டையில் டேப் போட்டு ஒட்டுங்கள்.

ஹாட்யாய், சிங்கப்பூர், சீனா

சுங்கை சிப்புட்டிலேயே இடிஎஸ் ரயில் ஏறினால் பாடாங் பெசார், அங்கிருந்து ஹாட்யாய். எல்லையை நெருங்கும்போதே போன் தாய்லாந்துக் கோபுரத்தைப் பிடித்துவிடும், கால் இன்னும் மலேசிய மண்ணில்தான் இருக்கும். புக்கிட் காயு ஹீத்தாமிலும், தெற்கே ஜோகூர் பாருவிலும் இதே கதை. எல்லைப் பக்கம் போகிறவர், கடக்காவிட்டாலும், டேட்டா ரோமிங்கை மூடி வைக்க வேண்டும். தாய்லாந்தில் ஏஐஎஸ், ட்ரூ இரண்டின் சுற்றுலா சிம்மும் செவன் இலெவனில் கிடைக்கும். கடப்பிதழைக் காட்டிப் பதிய வேண்டும். ஒரே ஒரு இரவு தங்கல் என்றால் நாள் பாஸே போதும், சிம் தேடி அலைய வேண்டாம்.

சிங்கப்பூர் 2017-இல் 2ஜியையும் 2024-இல் 3ஜியையும் மூடிவிட்டது. தாத்தாவின் பொத்தான் போன் அங்கே பேசாது. சீனாவுக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் உள்ளூர் சிம் வாங்காமல் ரோமிங்கோ பயண ஈசிம்மோ எடுப்பது நல்லது. ரோமிங்கில் இணையம் சீனாவுக்கு வெளியே சென்று திறப்பதால் வாட்ஸ்அப்பும் கூகளும் வழக்கம்போல வேலை செய்யும். உள்ளூர் சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் அவை திறக்காது.

எத்தனை ஜிபி வேண்டும்?

வாட்ஸ்அப்பில் பேசினால் நிமிடத்துக்கு அரை எம்பி அளவில், முகம் பார்த்துப் பேசினால் ஐந்து எம்பி அளவில் போகும். தினம் அரை மணி நேரப் பேச்சு, கால் மணி நேர முகம் பார்த்தல், கொஞ்சம் மேப்ஸ், சில படங்கள் என்றால் 200 எம்பிக்குள் அடங்கிவிடும். 14 நாளுக்கு 2.8 ஜிபி. 5 ஜிபி எடுத்தால் தாராளம். இந்தக் கணக்கைச் சாய்ப்பது காணொளி. யூடியூபில் 480பியில் ஒரு மணி நேரம் ஓடினால் அரை ஜிபி கரையும், 1080பியில் அதைப் போல மூன்று மடங்குக்குத் தயாராக இருங்கள். டிக்டாக்கை பஸ்ஸில் தள்ளிக்கொண்டே வருகிறவருக்கு 5 ஜிபி மூன்று நாள்கூட வராது.

அதைவிடப் பெரிய திருடன் படக் காப்பு. ஐபோனில் 4கேயில் ஒரு நிமிடம் எடுத்தால் சுமார் 170 எம்பி. மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தை வெளியே நின்று பத்து நிமிடம் எடுத்தால் 1.7 ஜிபி. கூகள் போட்டோஸோ ஐகிளவுடோ அதை மொபைல் டேட்டாவிலேயே ஏற்றத் தொடங்கினால் வாங்கிய பாஸ் மத்தியானத்துக்குள் காலி. இரண்டிலும் மொபைல் டேட்டா அனுமதியை மூடுங்கள். செயலிகளின் தானியங்கிப் புதுப்பிப்பையும் மூடுங்கள். ஐபோனில் 'லோ டேட்டா மோட்', ஆண்ட்ராய்டில் 'டேட்டா சேவர்' என்ற ஒரே பொத்தான் இவற்றில் பலவற்றைச் சேர்த்து அடக்கும். போகும் ஊரின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே கூகள் மேப்ஸில் இறக்கி வைத்தால் வழி கேட்க டேட்டா வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு நுணுக்கம். ஆண்ட்ராய்டில் படங்களைத் தானாக இறக்கும் அமைப்பு மூன்று வரியாக இருக்கும்: மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங். பயண ஈசிம்மில் இருக்கும்போது போன் தன்னை ரோமிங்கில் இருப்பதாக நினைக்கும், மூன்றாவது வரி பேசும். இந்திய சிம்மைப் போட்டதும் அதே போன் ஊர்க்காரனாகிவிடும், முதல் வரி பேசும். அங்கே 'படங்கள்' டிக் ஆகியிருந்தால் குடும்பக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு எல்லாவற்றின் காலை வணக்கப் படங்களும் வந்து இறங்கும். இரண்டு வரியையும் காலியாக வையுங்கள்.

பாக்கெட் வைஃபைக்கு, அதாவது பலர் சேர்ந்து பயன்படுத்தும் கையடக்க வைஃபை பெட்டிக்கு, ஐந்தில் மூன்று நட்சத்திரம்தான். ஐந்து பேர் ஒரே வேனில் சேர்ந்தே சுற்றினால் தலைக்கு மலிவாக விழும். பிரிந்து போனால் பெட்டி இல்லாதவருக்கு லைன் இல்லை, தினம் சார்ஜ் வேறு போட வேண்டும். பேட்டரி இருப்பதால் விமானத்தில் ஏற்றிவிடும் சாமானில் போடாமல் கைப்பையில் எடுத்துப்போவது நல்லது. மறைந்திருக்கும் குறை வேறு. அந்தப் பெட்டியையும் அண்ணன் போனின் ஹாட்ஸ்பாட்டையும் உங்கள் போன் 'வைஃபை' என்றே நினைக்கும். வைஃபை கிடைத்துவிட்டது என்று படக் காப்பு, புதுப்பிப்பு எல்லாம் ஒன்றாக எழுந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' என்று குறிக்க வேண்டும். ஐபோனில் அந்த வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள 'ஐ'யைத் தட்டி லோ டேட்டா மோடைத் திறக்க வேண்டும். இணைகிற ஒவ்வொருவரும் தத்தம் போனில் செய்தால்தான் பலன்.

நம் ஊர்க் கடையில் ஈசிம் வாங்குவதானால், கடையில் நிற்கும்போதே உங்கள் போனில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். லைன் பட்டியலில் பெயர் வருகிறதா, காலக்கெடு எப்போது தொடங்கும், ஹாட்ஸ்பாட் உண்டா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். கியூஆர் குறியைக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது உங்கள் போன் திரையிலேயே இருக்கும், அதை அதே போனின் கேமராவால் வருட முடியாது. அச்சடித்துக் கேளுங்கள், அல்லது கூட வந்தவர் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது ஒன்று மிச்சம். நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்திருந்தால் அதை மறுபடி 'ஆட்டோமேட்டிக்'கில் வைத்து, மொபைல் டேட்டாவை மலேசிய லைனுக்கு மாற்றுங்கள். மறந்தால் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் இறங்கிய பிறகும் போன் ஏர்டெல்லைத் தேடிக்கொண்டே 'நோ சர்வீஸ்' என்று காட்டும். கிராப் கூப்பிட முடியாமல் பெட்டிகளோடு வாசலில் நின்று, சிம் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் இதை மாற்ற மறந்தவர்கள்தான்.